இணைய விளையாட்டும் ஏமாற்று வித்தையும்

விளையாட்டை வெறுப்பார் உலகில் மிகச் சிலரே. பகலெல்லாம் பாடங்கேட்டுக் களைத்த மாணவர் மாலையிற் பந்தாடுங் களத்திற்குச் செல்லுதல் நம் கல்லூரியின் நெடுநாள் வழக்கம். அக்களத்தில் ஆடுவோர் யாவர், ஆட்டத்தின் விதிகள் யாவை, நடுவர் யார் என்பன எல்லார்க்கும் தெரியும். பந்தைக் களவாடிச் செல்வான் ஒருவன் உளனாயின் அவன் முகத்தையும் காண்போம். இந்நாளிலோ, விடுதியில் விளக்கணைந்த பின்னரும் மற்றொரு களம் விழித்திருக்கின்றது. கைப்பேசியுள்ளும் கணினியுள்ளும் அமைந்த அக்களத்தில் நம்மோடு ஆடுவோன் பக்கத்து அறையினனா, அயல் நாட்டினனா, சிறுவனா, முதியவனா என்பது தெரியாது. தோழனாக வந்து பேசுவோன் மெய்யாகவே தோழன்தானா என்பதும் தெரியாது. இத்தகைய களத்தில் வஞ்சகர் எவ்வாறு புகுகின்றனர், அவர்தம் வித்தைகள் யாவை, அவற்றினின்று தப்பும் வழி யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைய விளையாட்டே தீது என்று கூறுவது எம் கருத்தன்று. இதனை வரையும் யாமும் தேர்வு முடிந்த இரவுகளில் அவ்விளையாட்டுகளை ஆடி மகிழ்ந்தவரே. கூட்டாளிகளோடு ஒத்துழைத்தலையும், தோல்வியைத் தாங்குதலையும், நொடிப்பொழுதில் முடிவு செய்தலையும் அவை ஒருவாறு பயிற்றுகின்றன. ஆயின், நொடிப்பொழுதில் முடிவு செய்யும் அப்பழக்கமே வஞ்சகர்க்குப் பெருந்துணை ஆகின்றது என்பதனை யாம் காலங்கடந்தே உணர்ந்தோம். எங்ஙனம் உணர்ந்தோம் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கள்வர் வரக் காரணம்

பொருளில்லா இடத்திற்குக் கள்வன் வருவதில்லை. "விளையாட்டில் உள்ள வாளும் கவசமும் வெறும் படங்கள்தாமே, அவற்றைத் திருடி யாது செய்வர்?" என்று நம் பெற்றோர் வினவுதல் இயல்பே. அதற்கு விடை கூறப் பழைய விளையாட்டொன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து தேசத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி, 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது 'ரூன்ஸ்கேப்' என்பது. அதில் ஆடுவோர் மரம் வெட்டியும், மீன் பிடித்தும், தாது தோண்டி உருக்கியும் பொருளீட்ட வேண்டும். நல்ல கவசமொன்றைப் பெறுதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும். உழைக்கப் பொறுமை இல்லாதார் சிலர் அப்பொருளை மெய்யான பணங் கொடுத்து வாங்க முன்வந்தனர். அன்றே விளையாட்டின் உட்பொருளுக்கு வெளிச்சந்தையில் விலை பிறந்தது. விலை பிறக்கவே கள்வரும் வந்து சேர்ந்தனர்.

அச்சந்தை பெருஞ்சந்தையான வரலாறு 'கௌண்டர் ஸ்டிரைக்' என்னும் துப்பாக்கி விளையாட்டிற் காணப்படும். அமெரிக்க நாட்டு வால்வ் நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டில் 'ஸ்டீம்' என்னும் தளத்தைத் தொடங்கினர். அது பின்னர் விளையாட்டுகளை விற்கும் பெருங்கடையாக வளர்ந்தது. 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தம் துப்பாக்கி விளையாட்டிலுள்ள ஆயுதங்களின்மேற் பூண்பதற்குரிய வண்ண வேலைப்பாடுகளை அந்நிறுவனத்தார் வெளியிட்டனர். ஆடுவோர் இவற்றை 'ஸ்கின்' என்பர். ஸ்கின் பூண்ட துப்பாக்கி மற்றதினும் விரைவாகச் சுடாது. குறி தவறாமையையும் தாராது. பார்வைக்கு அழகு, அவ்வளவே. எனினும், கிடைத்தற்கரிய சில வேலைப்பாடுகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோயின.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனத்தாரே வெளியிட்ட அறிக்கையொன்றில், மாதந்தோறும் ஏறக்குறைய 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுகின்றன என்று ஒப்புக்கொண்டனர். பொருளிழந்தோர் புதியோரும் பேதையரும் மட்டும் அல்லர். போட்டிகளில் ஆடிப் பிழைக்கும் தேர்ந்த வீரரும், நாடோறும் பண்டமாற்றுச் செய்து பழகியவரும் அவருட் சேர்ந்தவர் என்று அவ்வறிக்கையே கூறிற்று. ஆதலின், "யாம் அறிவுடையேம், எம்மை ஏமாற்ற வல்லார் யாவர்?" என்று எவரும் இறுமாந்திருத்தற்கு இடமில்லை.

வஞ்சகத்தின் வகைகள்

வஞ்சகர் செய்யும் வித்தைகள் பலவாகத் தோன்றினும், அவற்றுள் நம் மாணவர் பெரிதும் எதிர்ப்படத்தக்கவற்றை நான்கு வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, கையிலுள்ள பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறைதல். ரூன்ஸ்கேப்பில் பொன்விளிம்பிட்ட கவசங்கள் சில உண்டு. அவை புதையல் தேடும் ஆட்டத்திற் பரிசாகக் கிடைப்பன. ஆடுவோர் தாமே செய்துகொள்ளத்தக்கன அல்ல. இதனை அறியாத புதியவனிடம் ஒருவன் வந்து, "உன் கவசத்துக்குக் கூலியின்றிப் பொன்விளிம்பு கட்டித் தருகின்றேன், சற்றே கொடு" என்பான். கவசம் கைமாறியதும் அவன் களத்தினின்றே மறைவான். "உன் பொன்னைத் தா, இரட்டித்துத் தருவேன்" என்பது இவ்வித்தையின் உடன்பிறப்பு. சிறு தொகையைக் கொடுத்தார்க்கு மெய்யாகவே இரட்டித்துத் தருவான். அந்நம்பிக்கையாற் பெருந்தொகையைக் கொடுத்த அன்று காணாமற் போவான். நகைக்கு மெருகிட்டுத் தருவதாக வீடுதோறும் வந்து, பொன்னைக் கரைத்துக்கொண்டு போகும் ஆசாமியை நம் ஊரார் நன்கு அறிவர். இவ்விருவரும் ஒரே பள்ளியிற் பயின்றோர் எனலாம்.

இரண்டாவது, பொய்க்கதவு அமைத்தல். "எம் அணிக்கு ஒரு வாக்களி" என்றோ, "இப்பரிசு இன்றோடு முடிகின்றது" என்றோ தோழன் பெயரில் ஒரு செய்தி வரும். உடன் ஓர் இணைப்பும் இருக்கும். அதனைத் தொட்டவுடன் ஸ்டீமின் உள்நுழைவுப் பக்கத்தைப் பெரிதும் ஒத்த பக்கமொன்று தோன்றும். அதில் இடும் பெயரும் கடவுச்சொல்லும் நேரே கள்வன் கைக்குச் செல்லும். 2022-ஆம் ஆண்டில் இவ்வித்தையின் நுட்பமான வடிவமொன்று வெளிப்பட்டது. உள்நுழைவதற்கென்று தனியே திறக்கும் சிறு சாளரத்தைப் போலவே, மெய்யான முகவரியும் பூட்டுக்குறியும் உட்பட, ஒரு பொய்ச்சாளரத்தைத் தம் பக்கத்தினுள்ளேயே வஞ்சகர் வரைந்து வைத்தனர். கணினியில் அச்சிறு சாளரத்தைப் பிடித்துப் பெருஞ்சாளரத்தின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மெய்ச்சாளரமாயின் வெளியே வரும், பொய்ச்சாளரமாயின் விளிம்பைத் தாண்டாது. இனி, செய்தி விடுத்த தோழனோ தன் கணக்கை முன்னரே இழந்தவன். அவன் பெயரால் நம்மோடு பேசுபவன் கள்வன்.

கணக்கினுட் புகுந்த கள்வன் உடனே சூறையாடாமல் ஒளிந்திருத்தலும் உண்டு. ஸ்டீமில் 'ஏ.பி.ஐ. சாவி' என்பது ஒன்று. நம் கணக்கின் பண்டமாற்று விவரங்களை ஒரு கணினி நிரல் காணவும் கையாளவும் இடந்தருவது அது. கள்வன் நாம் அறியாவண்ணம் அச்சாவியைப் பெற்று வைத்துக்கொள்வான். பின்னொரு நாள் நாம் மெய்யான ஒருவர்க்குப் பொருளை அனுப்ப முற்படுகையில், அவ்வேண்டுகோளை நீக்கிவிட்டு, அவருடைய பெயரையும் படத்தையும் பூண்ட தன் பொய்க்கணக்கினின்று அதனையே ஒத்த வேறொன்றை விடுப்பான். படத்தைக் கண்டு நாம் ஒப்புக்கொள்வோம். பொருள் வேறிடம் போய்ச் சேரும்.

மூன்றாவது, இரையிட்டுப் பிடித்தல். இதற்கு நம் தேசத்திலேயே நிகழ்ந்த சான்று ஒன்று உளது. கொல்கத்தாவில் 'இ-நக்கெட்ஸ்' என்னும் பெயரால் ஒரு கைப்பேசி விளையாட்டுச் செயலி பரவிற்று. தொடக்கத்தில், அதில் ஆடியோர்க்குத் தரகும் பரிசும் தவறாமற் கிடைத்தன; சேர்ந்த தொகையைத் தடையின்றித் தம் வங்கிக்கணக்கிற்கு மாற்றவும் இயன்றது. நம்பிக்கை வேரூன்றவே, மிகுந்த தரகை விரும்பி மக்கள் பெருந்தொகைகளை இட்டனர். போதிய பணம் திரண்டபின், ஒருநாள், கருவி புதுப்பிக்கப்படுகின்றது என்பது போன்ற காரணங்கள் கூறப்பட்டுப் பணம் எடுத்தல் நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆடியோரின் விவரங்களும் அழிக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் காவல் நிலையத்திற் பதிவான குற்றத்தைத் தொடர்ந்து அமலாக்கத்துறையினர் விசாரித்து, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நகரத்து வீடொன்றைச் சோதித்தபோது 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கம் அகப்பட்டது. அதனை எண்ணுதற்கு இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டன.

திருவள்ளுவர் சூதினைப் பற்றிய அதிகாரத்தில், அதிற் பெறும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டனர். முதலிற் கிடைத்த அத்தரகு எவ்வகையான வெற்றி என்பதனை இவ்வொப்புமை நன்கு விளக்கும். பெற்றவர் அதனை ஆதாயம் என்று எண்ணினர். கொடுத்தவனோ அதனைத் தொழிலின் முதலீடாகக் கருதினான்.

இவ்வகையைச் சேர்ந்த மற்றொன்று, பிறர் வெற்றியைக் காட்டி மயக்குதல். கௌண்டர் ஸ்டிரைக் ஸ்கின்களைப் பந்தயம் வைத்து ஆடும் 'சி.எஸ்.ஜி.ஓ. லோட்டோ' என்னும் தளத்தில் தாம் பெருவெற்றி பெறுவதாக யூடியூபிற் புகழ்பெற்ற இருவர் காட்சிகளை வெளியிட்டனர். கண்ட இளைஞர் பலர் அங்கே சென்று ஆடினர். அத்தளத்தின் உரிமையாளரே அவ்விருவர் என்பது 2016-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிப்பட்டது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அவர்கள்மேற் குற்றஞ்சாட்டி, 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்களைக் கட்டுப்பாட்டிற்கு உட்படுத்திற்று. நம் நாட்டிலும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துதலையும் விளம்பரஞ் செய்தலையும் தடுக்கும் சட்டம் 2025-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஆகஸ்டு 22-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆகவே, பணத்தை இட்டால் பன்மடங்காகத் தருவோம் என்று இனி எந்தச் செயலியேனும் நம்மை அழைக்குமாயின், அதன் பின்னிருப்போர் சட்டத்திற்கு அஞ்சாதோர் என்று துணியலாம். சட்டத்திற்கு அஞ்சாதோர் நம் பணத்தைத் திருப்பித் தருதற்கு மட்டும் அஞ்சுவர் என்று எண்ணுதல் பேதைமை.

நான்காவது, மலிவு காட்டுதல். விளையாட்டிற் செலாவணியாக வழங்கும் வைரம், யு.சி. முதலியவற்றைப் பாதி விலைக்குத் தருவதாக ஒருவன் டெலிகிராமிலோ இன்ஸ்டாகிராமிலோ அறிவிப்பான். பணம் பெற்றபின் ஒன்றுந் தாராமல் மறைவான். அல்லது, பிறருடைய வங்கி அட்டையைத் திருடி வாங்கிய பொருளைத் தருவான். அட்டைக்கு உரியவர் முறையிட்டவுடன் அப்பொருள் திரும்பப் பெறப்படும்; அதனை வாங்கிய நம் கணக்கும் முடக்கப்படலாம். வளர்ந்த கணக்கையே விற்பதாகக் கூறுவோர் வேறு சிலர். பெரும்பான்மை விளையாட்டுகளில் கணக்கை விற்றல் விதிக்கு மாறானது. விற்றவன், கணக்கைத் தொடங்கிய நாளின் மின்னஞ்சலைச் சான்றாகக் காட்டி, சில நாளில் அதனைத் தானே மீட்டுக்கொள்வான். வாங்கியவன் விதிக்கு மாறாக நடந்தவன் ஆதலின் எவரிடத்தும் முறையிட இயலாமல் நிற்பான்.

எல்லாவற்றிற்கும் பொதுவாவது

முற்கூறிய நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்கின், யாவற்றிற்கும் பொதுவாகிய ஒன்று புலப்படும். வஞ்சகன் முதலிற் கவர்வது நம் பொருளை அன்று. ஆராயும் அவகாசத்தையே அவன் முதலிற் கவர்கின்றான். "இன்றோடு முடிகின்றது", "இன்னும் இரண்டே உள்ளன", "அரைமணிக்குள் மறுமொழி தாராவிடின் கணக்கு அழியும்" என்னும் சொற்கள் அவன் வாயில் ஓயாது வருவதன் காரணம் இதுவே. ஆராய்வோனை அவனால் ஏமாற்ற இயலாது. ஆதலின் ஆராய விடமாட்டான்.

இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது எம் விடுதியிலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. பெயரைக் கூறாமல் எழுதுமாறு இசைந்த எம் நண்பர் இரண்டாம் ஆண்டு மாணவர். அவர்தம் தாயார் சீட்டுப்பணம் எடுத்துக் கல்லூரிச் சம்பளத்திற்கென்று அனுப்பிய தொகை அவர் கணக்கில் இருந்தது. ஒருநாள் இரவு பதினொரு மணியளவில், பள்ளித்தோழர் ஒருவர் பெயரில் அவருக்குச் செய்தி வந்தது. "வேறொரு மோசக்காரனைப் பற்றிப் புகார் செய்கையில் தவறி உன் கணக்கின்மேற் புகார் செய்துவிட்டேன், அரைமணியில் உன் கணக்கு நீக்கப்படுமாம், இந்த அதிகாரியோடு உடனே பேசு, என்னை மன்னித்துவிடு" என்பது செய்தி. 'அதிகாரி' மிகுந்த மரியாதையோடு பேசினார். குற்றமற்ற கணக்கு என்பதை மெய்ப்பிக்கத் திருப்பித் தரப்படும் முன்பணம் கட்டுமாறு கூறினார். கட்டியபின், எண் பொருந்தவில்லை, மீண்டும் கட்டுக என்றார். மூன்று தவணையில், நாற்பது நிமிடங்களுக்குள், ரூபாய் 18,500 சென்றது. பின்பு அதிகாரியும் இல்லை. தோழர் பெயரில் பேசியவரும் இல்லை. நான்கு ஆண்டு அரிதின் வளர்த்த கணக்கும் இல்லை.

பணம் போனதைக் காட்டிலும் எம்மை வருத்தியது அதன்பின் நிகழ்ந்தது. அவர் பதினொரு நாள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. இரவுணவை ஒழித்துப் பணஞ் சேர்க்க முயன்றார். அவரோடு ஒரே மேசையில் உண்ணும் யாமும், அவர் இடம் வெறுமையாக இருத்தலைக் கண்டும், தேர்வுக்குப் படிக்கின்றார் போலும் என்று எண்ணி வாளா இருந்தோம். சம்பளம் கட்டும் இறுதிநாள் நெருங்கி விடுதிக் காப்பாளர் அழைத்து வினவிய பின்னரே செய்தி வெளிப்பட்டது. "ஏன் அன்றே சொல்லவில்லை?" என்று யாம் கேட்டதற்கு, "விளையாட்டிற் போய்ப் பணத்தை விட்டான் என்று அம்மா காதில் விழுமே என்று பயந்தேன்" என்றார். புகார் செய்தோம், ஆயின் பணம் அதற்குள் பல கணக்குகளைக் கடந்துவிட்டிருந்தது.

விளையாட்டில் எதிரி தோன்றிய கணத்திலேயே சுடப் பழகிய கை, இங்கும் கேட்ட கணத்திலேயே பணத்தை அனுப்பிற்று. அவ்வரைமணியில் அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே: அப்பள்ளித்தோழரைத் தொலைபேசியில் அழைத்து, "இதனை எழுதியது நீதானா?" என்று ஒரு சொற் கேட்டிருக்க வேண்டும்.

பொறுத்திருத்தல் என்னும் பூட்டு

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் பழமொழி. விளையாட்டை ஆக்குவோரும் பல ஆண்டு பட்டறிந்து இம்முடிவுக்கே வந்தனர் என்பது கருதத்தக்கது. ரூன்ஸ்கேப்பிற் பண்டமாற்றுச் செய்யுங்கால் இருவரும் ஒருமுறை இசைந்தால் போதாது. கொடுப்பதும் பெறுவதும் மீண்டும் எழுதிக் காட்டப்படும் இரண்டாந் திரையிலும் இசைதல் வேண்டும். இறுதி நொடியிற் பொருளை மாற்றி வைக்கும் மோசத்தைத் தடுத்தற்கு ஏற்பட்டது அது. அதனினும் கடுமையான மருந்தையும் அந்நிறுவனத்தார் உண்டு பார்த்தனர். திருட்டு அட்டைகளாலும் வெளிச்சந்தையாலும் நேர்ந்த கேட்டினைப் பொறாமல், 2008-ஆம் ஆண்டு ஜனவரியில், கட்டற்ற பண்டமாற்றையே ஒழித்தனர். ஆடுவோர்க்கு அது பெரிதும் கசந்தது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனை மீண்டும் அனுமதித்தனர். சந்தையை அறவே மூடுதலும் தீர்வாகவில்லை என்பது இதனால் விளங்கும்.

வால்வ் நிறுவனத்தார் காலத்தையே பூட்டாக அமைத்தனர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், கைப்பேசிவழி உறுதிசெய்யும் ஏற்பாடு இல்லாதவர் அனுப்பும் பொருள்கள் மூன்று நாள் வரை நிறுத்திவைக்கப்பட்டன. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், கௌண்டர் ஸ்டிரைக்கிற் கைமாறிய பொருளை ஏழு நாள் வரை திரும்பப் பெறும் வசதியை உண்டாக்கினர். அவ்வேழு நாளும் பெற்றவன் அதனை வேறொருவர்க்கு மாற்ற இயலாது. இவ்வேற்பாடுகள் யாவும் கள்வன் கவர்ந்த அவகாசத்தை உரியவர்க்கு மீட்டுத் தருவனவேயாம். ஆயின், விளையாட்டின் எல்லைக்குள் நிகழ்வனவற்றிற்கே இப்பூட்டு உதவும். வாட்ஸப்பிற் பேசி யு.பி.ஐ. வாயிலாகப் பணம் அனுப்புவோர்க்கு எந்நிறுவனத்தின் பூட்டும் துணைநில்லாது. வஞ்சகன் நம்மை எப்போதும் வெளியே அழைப்பதன் காரணமும் அதுவே. அவ்விடத்து நமக்கு நாமே பூட்டு ஆதல் வேண்டும்.

நாம் செய்யற்பாலன

ஆகவே, பின்வருவனவற்றை நம் மாணவர் வழக்கமாகக் கொள்வாராக.

பணமோ, பொருளோ, கடவுச்சொல்லோ கேட்டு எவர் எழுதினும், அவர் உயிர்த்தோழரே ஆயினும், வேறொரு வழியால் அவரோடு பேசி உறுதிசெய்த பின்னரே மறுமொழி தருக. குரலைக் கேளாது கொடாமை நலம்.

உள்நுழைய வேண்டின், வந்த இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியைத் தாமே இட்டுச் செல்லுக. இரண்டாம் உறுதிப்பாட்டை எல்லாக் கணக்கிற்கும் அமைத்துக்கொள்ளுக. ஓ.டி.பி. எண்ணை எவர்க்கும் கூறற்க. விளையாட்டு நிறுவனத்தின் மெய்யான ஊழியர் ஒருபோதும் கடவுச்சொல்லைக் கேளார்; ஸ்டீமின் உதவிப் பிரிவினர் டிஸ்கார்டில் வந்து உரையாடுவதும் இல்லை.

யு.பி.ஐ.யின் இரகசிய எண் பணம் செலுத்துதற்கு உரியது. பணம் பெறுதற்கு அதனை இடவேண்டுவதில்லை. "பரிசைப் பெற எண்ணை இடுக" என்பானை அக்கணமே நீக்குக. நம் கைப்பேசித் திரையைத் தான் காணும்படி ஒரு செயலியை நிறுவச் சொல்வானும் அவன் இனத்தவனே. செயலிகளை அவற்றிற்குரிய கடையிலிருந்தே பெறுக. செய்தியில் வந்த ஏ.பி.கே. கோப்பை நிறுவற்க.

கல்லூரிச் சம்பளம், வாடகை முதலிய பணம் உள்ள வங்கிக்கணக்கை விளையாட்டோடு இணையாது விடுக. விளையாட்டிற்கென்று ஒதுக்கிய சிறுதொகை வேறோரிடத்தில் இருப்பின், இழப்பு நேரினும் அவ்வளவோடு நிற்கும்.

எவனேனும் காலவரையறை கூறி விரைவுபடுத்தினால், அதுவே மோசத்தின் அடையாளம் என்று கொண்டு, ஓரிரவு பொறுத்திருக்க. காலையிற் கெட்டுப்போகும் நல்வாய்ப்பு மெய்யான வாய்ப்பு ஆகாது.

இழந்தபின் செய்வது

இதுகாறும் பொறுமையை வற்புறுத்திய யாம், இழந்தபின் விரைவையே வற்புறுத்துகின்றோம். பலரும் இவற்றை மாற்றிச் செய்தலாலன்றோ கெடுகின்றனர்! கொடுக்கையில் விரைகின்றனர்; முறையிடுகையில் தாமதிக்கின்றனர்.

நம் நாட்டில் இணையவழிப் பணமோசடிக்கென்று 1930 என்னும் உதவி எண் உளது. அவ்வெண்ணை அழைத்து, பணம் அனுப்பிய நேரத்தையும், தொகையையும், பரிமாற்ற எண்ணையும் கூறினால், பணம் சென்று சேர்ந்த வங்கிக்குச் செய்தி விடுக்கப்படும். அங்குப் பணம் இன்னும் எடுக்கப்படாதிருப்பின் அது நிறுத்திவைக்கப்படும். கள்வன் அதனைப் பிற கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே இருப்பான் ஆதலின், ஒவ்வொரு நிமிடமும் பயனுடையது. பின்னர் அரசின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் முறையீட்டைப் பதிதல் வேண்டும். தம் வங்கிக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் இரகசிய எண்ணைப் பிறர்க்குக் கூறி இழந்தவிடத்தும், வங்கிக்கு அறிவித்த பின்னர் நிகழும் இழப்பு வங்கியையே சாரும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு ஜூலையில் விதித்தது. அறிவித்தலின் அருமை இதனாற் புலனாகும்.

விளையாட்டுக் கணக்கு பறிபோயின், கடவுச்சொல்லை மாற்றி, பிற கருவிகளிலுள்ள உள்நுழைவுகளை எல்லாம் நீக்கி, ஏ.பி.ஐ. சாவி ஏதேனும் இருப்பின் அதனையும் ஒழித்து, நிறுவனத்தின் உதவிப் பிரிவிற்கு எழுதுக. உரையாடல்களை வெறுப்பினால் அழித்துவிடாது படமெடுத்துக் காப்பாற்றுக, அவையே சான்று. "இழந்த பணத்தை மீட்டுத் தருவேன், சிறு கட்டணம் போதும்" என்று இணையத்தில் வருவோனை நம்பற்க. ஒருமுறை ஏமாந்தாரை இரண்டாம் முறை ஏமாற்றுதற்கென்றே அவன் வருகின்றான்.

இறுதியாக, ஆசிரியர்க்கும், பெற்றோராகிய பழைய மாணவர்க்கும் யாம் ஒரு விண்ணப்பஞ் செய்துகொள்கின்றோம். இளைஞன் ஒருவன் தலைகுனிந்து வந்து பணத்தை இழந்த செய்தியைக் கூறுங்கால், "நீ ஏன் விளையாடினாய்?" என்னும் கேள்வியை ஒருநாள் தள்ளி வைப்பீராக. முதலில் "எப்பொழுது அனுப்பினாய்?" என்று கேட்டு, 1930-ஐ அழைப்பீராக. கண்டிப்பதற்குப் பின்னர்ப் பல நாள் உள. கண்டனத்திற்கு அஞ்சி அவன் மறைத்துவைக்கும் ஒவ்வொரு நாளும் கள்வனுக்கு நாம் அளிக்கும் கொடையாகும்.

எம் நண்பர் இவ்வாண்டுச் சம்பளத்தைக் கட்டிவிட்டார். அதற்கு உதவியோர் தம் பெயரைக் கூறவேண்டாம் என்றனர். செய்தியை அறிந்த தாயார் அவரைச் சினந்து கொள்ளவில்லை, "பதினொரு நாள் பட்டினி கிடந்தாயா?" என்றே கேட்டாராம். அவர் இன்றும் எம்மோடு விளையாடுகின்றார். ஆயின், எவரேனும் ஏதேனும் கேட்டு எழுதினால், கைப்பேசியை மேசைமேற் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு குவளை நீர் அருந்தி வருகின்றார். யாமும் அதனைப் பழகிவருகின்றோம்.